படத்தின் ஓரத்தில் மஞ்சள்

அடுத்தவர் பிள்ளைகளைப் படம் எடுப்பதில் கலாதேவிக்கு இணையாக ஈப்போவில் ஆள் தேட வேண்டும். வாரநாளில் அவள் ஒரு கிளினிக்கின் பதிவுக் கவுண்டரில் இருப்பாள். சனி, ஞாயிறு வந்துவிட்டால் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பிறந்தநாள், காதுகுத்து, பாலர் பள்ளிப் பட்டமளிப்பு. ஆறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், கறுப்பு அங்கி, சரிந்து விழும் தொப்பி. பாதிப் பேருக்குக் கழிவறை போக வேண்டும், மீதிப் பேருக்கு அம்மா வேண்டும். பதினோரு நிமிடத்தில் முடித்துவிடுவாள். "சிரிங்க" என்று ஒருபோதும் சொல்ல மாட்டாள். "யாரு வீட்டுல அப்பா பெருசா கொறட்ட விடுவாரு?" என்று கேட்பாள். முப்பது கையும் மேலே போகும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பத்துப் படம் விழுந்திருக்கும்.

சொந்தப் பிள்ளைகளிடம் இந்த வித்தை செல்லவில்லை.

மூத்தவன் ரூபனுக்குப் பத்து வயது. கேமராவைக் கண்டால் போதும், பற்பசை விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி ஆகிவிடுவான். ஒரு காலைத் தூக்குவான், கட்டைவிரலை நீட்டுவான், பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் தன் கையால் மறைப்பான். வாய் ஓயாது. இளையவள் ஷாமினிக்கு ஏழு. வெட்கம் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள், வெட்கம் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை, அவ்வளவுதான். சிரி என்றால், "எத்தன பல்லு தெரியணும்?" என்பாள். சும்மா எப்பவும் போல இரு என்றால், "அப்ப கைய எங்க வைக்கறது?" என்பாள். போன வருடம் ரூபனின் பிறந்தநாளில், அசையாமல் நில் என்று அவளைக் குளிர்பெட்டி ஓரத்தில் நிறுத்திவிட்டு, கேக் வந்ததும் கலாதேவி மறந்துபோனாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறாள், கன்னத்தில் கொசு. வீடே சிரித்தது. கலாதேவியும் சிரித்தாள். "ஒரு சொல்லு தட்டமாட்டா என் பொண்ணு" என்று வந்தவர்களிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டாள்.

தீபாவளிக்கு இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று வேண்டும். வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பவும் வரவேற்பறையில் மாட்டவும். மூன்று வருடமாக அது அமையவில்லை. குனோங் ராபாட் வீட்டுக்குள் எடுத்தால் ஒருத்தன் ஆடுகிறான், ஒருத்தி கல்லாகிறாள். இந்த முறை வெளியே எடுப்பதென்று கலாதேவி முடிவு செய்தாள். கணவன் தர்மா பிறந்த தோட்டம் சிலிம் ரிவர் பக்கம். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது, எங்கும் செம்பனை. கோயிலை ஒட்டி மட்டும் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் கிழட்டு ரப்பர் மரங்கள் மிச்சம். கல்யாணத்துக்கு முந்திய படங்களுக்கு ஜோடிகள் அங்கே வருவதுண்டு. நிரை நிரையாக மரம், நடுவில் விழும் சாய்வெயில். அப்படி ஒரு வெளிச்சத்தைக் காசு கொடுத்தாலும் ஸ்டூடியோவில் வாங்க முடியாது.

தர்மா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். அன்று சனிக்கிழமை, அவனுக்கு ஓவர்டைம்.

"அங்க என்னா இருக்கு? கொசுதான் இருக்கு. பாடாங்ல நிக்க வெச்சு எடுத்துட்டு வாயேன் லா."

"பாடாங்ல நாலு பேரு பந்து ஒதைக்கிறது பின்னாடி தெரியும். நான் போயிட்டு மழைக்கு முன்னாடி வந்துர்றேன்."

காரில் போகும்போதே பிள்ளைகளுக்கு எச்சரிக்கையெல்லாம் சொல்லியாகிவிட்டது. புல்லுக்குள் கால் வைக்காதே, பாம்பு இருக்கும். முள் இருக்கும். தூரமாக ஓடாதே. ரூபன் கேட்கிற மாதிரி தெரியவில்லை. ஜன்னலில் மூச்சு விட்டு மீசை வரைந்துகொண்டிருந்தான். அவனைப் பயமுறுத்த இன்னும் ஏதோ சொன்னாள். சொன்னது என்னவென்று, தோட்டத்து மண்சாலையில் கார் திரும்பும்போதே அவளுக்கு மறந்துவிட்டது.

மூன்றரைக்கு வேலை தொடங்கியது. ரூபன் அரக்கு ஜிப்பா, ஷாமினி மஞ்சள் பட்டுப்பாவாடை. சேர்த்து நிறுத்தி எடுத்த முதல் நாற்பது படமும் வழக்கம்போல்தான். ஒன்றில் அவன் கண்ணைச் சுருக்கியிருந்தான், ஒன்றில் அவள் படை வீரன் மாதிரி விறைத்திருந்தாள். தெற்கே மேகம் ஏறத் தொடங்கியது. வெளிச்சம் போவதற்குள் ரூபனையாவது தனியாக நாலு எடுத்துவிடலாம் என்று தோன்றியது.

"ஷாமினி, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. அண்ணன மட்டும் எடுத்துக்கறேன்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"மூணு மரம் தள்ளி."

அவள் எண்ணிக்கொண்டே போனது காதில் விழுந்தது. அதன் பிறகு கலாதேவியின் கண் கேமராவை விட்டு வெளியே வரவில்லை. ரூபன் துள்ளினான், மரத்தைக் கட்டிப் பிடித்தான், சருகை அள்ளித் தலைக்கு மேல் வீசினான். சருகு விழும்போது வெயில் சரியாக அதில் ஏறியது. அவள் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். வருடக்கணக்காகத் தேடிய வெளிச்சம் அது.

"வா, ஷாமினி. இப்ப ஒங்க ரெண்டு பேரையும்" என்று திரும்பினாள்.

மூன்று மரம் தள்ளி யாரும் இல்லை.

முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "ஷாமினி!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. மரத்துக்குப் பின்னால் இருப்பாள் என்று நாலைந்து மரத்தைச் சுற்றி வந்தாள். நிரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே வெட்டுத் தழும்பு, அதே சருகு. ரப்பர் கொட்டை ஒன்று எங்கோ பட்டென்று வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப் போட்டது. அப்போதுதான் தனக்குப் பயம் வந்துவிட்டதைத் தெரிந்துகொண்டாள்.

"ஷாமினீ...! அம்மா கூப்பிடுறேன்டா! ஷாமினீ...!"

ஷாமினி கூப்பிட்டால் வருகிற பிள்ளை. ஒரு தடவை கூப்பிட்டால் போதும். ரூபனைத்தான் ஐந்து தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருகிற பிள்ளை வரவில்லை என்றால் வர முடியாத இடத்தில் இருக்கிறாள். இந்த எண்ணம் வந்ததும் கலாதேவி கைப்பேசியை எடுத்தாள். சிக்னல் இல்லை. மெயின் ரோட்டுக்குப் போனால் கிடைக்கும். போகிற நேரத்தில் பிள்ளை இங்கே திரும்பி வந்தால்? ரூபன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிரை நிரையாக ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள்.

கத்தல் கேட்டு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். கோயிலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் மாடு மேய்க்கிற ராஜு. நாற்பது, நாற்பத்தைந்து வயது, கையில் மாட்டுக்கயிறு.

"என்னாம்மா? என்னா ஆச்சு?"

"அண்ணே, எம்பொண்ணு அண்ணே. ஏழு வயசு. மஞ்சப் பாவாட. இங்கதான் நின்னா, இங்கயேதான் நின்னா..."

"அழாத. எவ்ளோ நேரம் ஆச்சு?"

"தெரியல அண்ணே. பத்து நிமிசம். இல்ல, இருவது."

ராஜு வண்டியை நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை, மரங்கள் முடிந்து நிலம் தாழ்கிற பள்ளத்துப் பக்கம் ஒரு கணம் நின்றதை அவள் கவனித்துவிட்டாள்.

"அங்க என்னா இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணே, சொல்லுங்க."

"பழைய கெணறு ஒண்ணு கெடக்கு. பலகயும் தகரமும் போட்டு மூடித்தான் வெச்சிருக்கோம். மாடு விழுந்துரும்னு." பிறகு அவசரமாகச் சொன்னார்: "அவ்ளோ தூரம் போயிருக்காது பிள்ள. வா, கூப்பிட்டுப் பாப்போம்."

இருவரும் பிரிந்து கூப்பிட்டார்கள். ராஜுவின் குரல் மாடு விரட்டிப் பழகிய குரல், தோட்டத்தின் கடைசி வரை போனது. "ஷாமினீ! ஓய் ஷாமினீ!" மேகம் மரத்து உச்சியைத் தொடுகிற மாதிரி இறங்கிவிட்டது. மணி ஐந்து கூட ஆகவில்லை, நிரைகளுக்கு நடுவில் இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. கலாதேவியின் தொண்டை கட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். ரூபன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். ஓயாத வாய் அரை மணி நேரமாக ஒரு சொல் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீ ஏன்டா சும்மா நிக்கிற? தங்கச்சியக் கூப்பிடேன்டா!"

அவன் தலையை ஆட்டினான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கூப்பிடக் கூடாதும்மா."

"என்னாடா ஒளர்ற?"

"நீதானே சொன்ன. கார்ல." விக்கி விக்கிச் சொன்னான். "தோட்டத்துல பேரு சொல்லி யாராச்சும் கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாது. அது மனுசன் இல்ல. அம்மா கொரல்லயே கூப்பிடும். நம்பிப் போனா புடிச்சுக்கும். ஓடி ஒளிஞ்சுக்கணும்னு சொன்ன."

கலாதேவிக்குக் காதுக்குள் ஒரு சத்தம் ஓடியது.

சொல்லியிருந்தாள். இவன் அங்குமிங்கும் ஓடாமல் இருக்கட்டுமே என்று, பாதையில் ஒரு கண்ணும் கண்ணாடியில் ஒரு கண்ணுமாக, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டதை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னாள். இவன் பின் சீட்டில் மீசை வரைந்துகொண்டிருந்தான். இவன் பக்கத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் தட்டாதவள்.

அப்படியானால் அவளுக்குக் கேட்டிருக்கிறது. முதல் தடவை கூப்பிட்டதிலிருந்தே கேட்டிருக்கிறது. அம்மா குரல் கேட்கக் கேட்க அவள் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறாள். பிறகு தெரியாத ஆண் குரல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. நாலா பக்கமும் தன் பெயர்.

"அண்ணே!" என்று ராஜுவை நோக்கி ஓடினாள். "கூப்பிடாதீங்க! அண்ணே, வாய மூடுங்க, கூப்பிடாதீங்க!"

பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் ராஜு நினைத்திருப்பார். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். "ஐயோ, ஆலாமாக்" என்றார், அவ்வளவுதான்.

கூப்பிடாமல் எப்படித் தேடுவது? பன்னிரண்டு ஏக்கர். அதைச் சுற்றி முடிவே இல்லாத செம்பனை. ஒரு பக்கம் போனால் மறுபக்கம் விட்டுப்போகும். கலாதேவி நின்ற இடத்திலேயே நின்றாள். கழுத்தில் கேமரா கனத்தது. பிறகு அதைத் திருப்பிப் பிடித்து, எடுத்த படங்களைப் பின்னோக்கித் தள்ளத் தொடங்கினாள்.

நூற்று நாற்பத்து மூன்று படம். முக்கால்வாசியில் ரூபன்தான். நடுவில் அவன், கூர்மையாக, சருகு பறக்க. அவள் இப்போது அவனைப் பார்க்கவில்லை. பின்னால் மங்கிக் கிடந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தில் பதிந்த நேரம் நாலு மணி ஆறு நிமிடம். ரூபன் தோளுக்குப் பின்னால், மூன்றாவது மரத்தடியில், துருவிய தேங்காய்ப் பூ அளவுக்கு ஒரு மஞ்சள். நின்றுகொண்டிருக்கிறது. நாலு ஒன்பது. அதே இடம். நாலு பதினொன்று. மஞ்சள் கீழே இறங்கியிருக்கிறது, குனிந்து எதையோ பொறுக்குகிறாள். ரப்பர் கொட்டையாக இருக்கும். அசையாதே என்று இன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நாலு பன்னிரண்டு, ஒரு மரம் இடது பக்கம். நாலு பதிமூன்று, இன்னும் இரண்டு மரம். நாலு பதினான்கில் படத்தின் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும். அடுத்ததில் இல்லை.

அவசரத்தில் படம் இரண்டு முறை தாண்டிப் போனது. ரூபன் எட்டிப் பார்த்தான்.

"இந்தப் பக்கம்மா" என்று கிசுகிசுத்துக் கையை நீட்டினான்.

ராஜு அந்தக் கையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். முன்னே நடந்தார்.

மூன்று பேரும் ஒரு சத்தம் இல்லாமல் போனார்கள். பெற்ற பிள்ளையைத் தேடும்போது வாயை மூடிக்கொண்டு நடப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று கலாதேவிக்குத் தெரிந்தது. பெயர் தொண்டைக்கு வந்து வந்து முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இடையிடையே ரப்பர் கொட்டைகள் கிடந்தன, சிறு கையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்த மாதிரி. ரூபன் அவள் சேலை முந்தானையை விடவில்லை.

மரங்கள் முடியும் இடத்தில் ராஜு கையை உயர்த்தினார்.

முழங்கால் உயரத்துக்கு உடைந்த சிமெண்டு வட்டம். கொடி படர்ந்த தகரம். அந்தத் தகரத்தின் நட்டநடுவில், சம்மணம் போட்டு, மஞ்சள் பாவாடை. இரண்டு கையாலும் காதை அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். உட்கார மேடை என்று நினைத்து ஏறியிருக்கிறாள். தகரம் அவளுக்குக் கீழே தட்டு மாதிரி குழிந்திருந்தது.

கலாதேவியின் வாய் தானாகத் திறந்தது. ராஜு திரும்பி முறைத்த முறைப்பில் மூடியது. இப்போது பெயரைச் சொன்னால் அவள் பயந்து எழுந்திருப்பாள். எழுந்தால் தகரம் தாங்காது.

"பலக உளுத்துப் போச்சு" என்றார் ராஜு, காற்றில் மட்டும். "நான் ஏற முடியாது. நீயும் ஏறாத. படுத்து எட்டிப் புடி. கால நான் புடிச்சுக்கறேன்."

மழையின் முதல் சொட்டுகள் தகரத்தில் விழுந்தன. ஒவ்வொரு சொட்டுக்கும் அந்தச் சின்ன முதுகு விலுக்கென்று ஆடியது. கலாதேவி கேமராவைக் கழற்றி ரூபனிடம் கொடுத்தாள். செருப்பை உதறினாள். சிமெண்டுச் சுவரில் வயிற்றை வைத்துப் படுத்து, கையை நீட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை. ராஜு அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். இன்னும் முன்னே ஊர்ந்தாள். நெஞ்சு தகரத்தின் மேல் வந்தது. அடியில் எதுவோ மெல்ல முனகியது. சரிகைக் கரை விரலில் பட்டது. பிறகு இடுப்பு முடிச்சு. முழுக் கையையும் அதற்குள் நுழைத்துச் சுற்றிக்கொண்டு, ஒரே இழுப்பு.

பலகை முறிந்தது. தகரத்தின் ஒரு பக்கம் உள்ளே சரிந்தது. ராஜு இருவரையும் சேர்த்துப் பின்னால் இழுத்தார். மூவரும் புல்லில் விழுந்த பிறகுதான் பலகை தண்ணீரில் விழுந்த சத்தம் கீழிருந்து வந்தது. வெகு கீழிருந்து.

ஷாமினி வீறிட்டுக் கத்தினாள். கலாதேவியின் மணிக்கட்டைக் கடித்தாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை. "அம்மாடா, அம்மாதான்டா, பாரு" என்று கலாதேவி சொல்லச் சொல்ல இன்னும் பலமாகக் கடித்தாள். அம்மா குரல்தானே, அதைத்தானே நம்பக் கூடாது.

ரூபன் கேமராவைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து குந்தினான்.

"ஓய் தவக்கள. எங்கடி போன?"

அப்படிக் கூப்பிட்டதற்காகக் கலாதேவி எத்தனையோ நாள் அவன் காதைத் திருகியிருக்கிறாள். ஷாமினியின் பல் தளர்ந்தது. ஒரு கண் திறந்தது. அண்ணனைப் பார்த்தது. பிறகு மெதுவாக மேலே ஏறி, மழையில் நனைந்த அம்மாவின் முகத்தில் நின்றது.

தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது மழை கொட்டியது. ராஜு மெயின் ரோடு வரை வண்டியில் முன்னே வந்து, கையை அசைத்துவிட்டுத் திரும்பினார். டோல் தாண்டுவதற்குள் ரூபன் தூங்கிவிட்டான். தாப்பா பக்கம் வந்தபோது பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"கூப்பிட்டது நீதானா?"

"நான்தான்டா."

"எத்தன தடவ?"

"நெறைய தடவ."

"எல்லாத் தடவயும் நீயா?"

"கொஞ்சம் அந்த அங்கிள். மத்ததெல்லாம் நான்தான். அம்மா கார்ல சொன்னது பொய்டா. சும்மா சொன்னேன். அப்படி ஒண்ணும் கெடையாது."

ஷாமினி யோசித்தாள். வைப்பர் இரண்டு மூன்று முறை போய் வந்தது.

"அது கூட அப்படித்தானே சொல்லும்?" என்றாள்.

கலாதேவி பாதையைப் பார்த்து ஓட்டினாள். கடிபட்ட மணிக்கட்டு ஸ்டீயரிங்கில் துடித்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் தீபாவளி வாழ்த்தில் விளக்குப் படம்தான் போனது. தர்மா நடந்ததைக் கேட்ட அன்று கொல்லைப்புறம் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தான், அதோடு சரி. தீபாவளி முடிந்து மறுவாரமே கலாதேவி ஒரு பாலர் பள்ளிக்குப் படம் எடுக்கப் போனாள். முப்பத்திரண்டு பிள்ளைகள். படத்துக்கு நடுவில் மூன்று முறை நிறுத்தித் தலை எண்ணினாள். ஆசிரியை சிரித்தாள்.

வீட்டில் அவள் குரல் செல்லாக்காசாகிவிட்டது. சமையலறையிலிருந்து "ஷாமினி" என்று கூப்பிட்டால் பதில் வராது. பள்ளிக்கூட வாசலில் கூப்பிட்டாலும், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாலும் வராது. தர்மா கூப்பிட்டால் ஓடி வருகிறாள். ரூபன் தவக்களை என்றால் சண்டைக்கு வருகிறாள். அம்மா கூப்பிட்டால் மட்டும் அந்த வீட்டில் ஒரு நொடி எல்லாம் நின்றுபோகிறது. ஒவ்வொரு முறையும் கலாதேவிக்குச் சிமெண்டு வட்டம் கண்ணில் வருகிறது. அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். எழுந்து போய், பிள்ளை எதிரே நின்று, முகம் தெரிகிற மாதிரி குனிந்து, பிறகுதான் பேசுவாள்.

நேற்று மாலை கை மாவாக இருந்தது. மறதியாகக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஷாமினி, தோச வேணுமா?"

பதில் இல்லை. அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள். வரவேற்பறையில் நாற்காலி நகர்ந்தது. சின்னக் காலடிகள் வந்தன, கதவருகில் நின்றன. நிலைக்குப் பின்னாலிருந்து பாதி முகம் எட்டிப் பார்த்தது. மாவுக் கையை, சேலையை, முகத்தை, மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தது. கலாதேவி அசையவில்லை, மூச்சும் விடவில்லை.

"ரெண்டு" என்றாள் ஷாமினி. "ஒண்ணுல முட்ட ஊத்தணும்."